டிஸ்க்வேர்ல்ட் முடிஞ்சாச்சு, அடுத்து யாரைப் படிப்பது?

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்கிற நகைச்சுவை மாயாஜாலக் கதை வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். 1983-ல் தொடங்கியது, அவர் காலமான 2015-ல் கடைசிப் புத்தகம் வந்தது, இனிமேல் புதிதாக ஒன்று வரப்போவதில்லை. இப்படி ஒரு வரிசையை முழுசாகப் படித்து முடித்தவருக்குக் கொஞ்ச நாள் வேறு எதிலும் மனசு ஒட்டாது. நம்ம குமரி மாவட்டத்தில் கடைக்குப் போய் "சிரிப்பு வர்ற மாயாஜாலக் கதை இருக்கா" என்று கேட்டால் சிறுவர் புத்தக அடுக்கைத்தான் காட்டுவார்கள். அதனால் நாமே தேட ஒரு வழி வேண்டும். நான் தேடுகிற வழி இது, உங்களுக்குப் பிடித்தது வேறு வரிசையாக இருந்தாலும் பொருந்தும்.

முதல் வேலை, "அதே மாதிரி" என்று தேடுவதை விடுவது. அட்டையில் "அடுத்த பிராட்செட்" என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் வாய்விட்டுச் சிரித்த ஒரு பக்கத்தை எடுத்து, பைய மறுபடி படித்து, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எனக்கு அந்தப் பக்கம் டிஸ்க்வேர்ல்டின் 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் காவல் தலைவர் வைம்ஸ் போடும் பூட்ஸ் கணக்கு. நல்ல பூட்ஸ் 50 டாலர், பல வருஷம் உழைக்கும். மட்டமானது 10 டாலர், ஓரிரு பருவத்தில் ஓட்டை விழும். பணக்காரன் ஒரே தடவை வாங்கிவிடுகிறான், ஏழை அதே பத்து வருஷத்தில் 100 டாலர் செலவழித்தும் கால் நனைந்தபடியே நடக்கிறான். ஜூன் மழையில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வாங்கிய செருப்பு ஓணத்துக்குள் பிய்ந்துபோன வீட்டில் வளர்ந்தவருக்கு இது சட்டென்று உறைக்கும். இந்தப் பக்கத்தில் மந்திரமும் இல்லை, டிராகனும் இல்லை. சிரிப்புக்கு அடியில் ஒரு கோபம் இருக்கிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் நான் தேட வேண்டியது மந்திரவாதிக் கதையை அல்ல, கோபத்தைச் சிரிப்பாக எழுதத் தெரிந்தவரை.

இரண்டாவது, உங்களைச் சிரிக்க வைக்கிற ரகத்துக்கு ஏற்ற ஆளைப் பிடிப்பது. மாயக்கதைகளின் தேய்ந்துபோன வழக்கங்களைக் கிண்டல் செய்வது பிடிக்குமா? டயானா வின் ஜோன்ஸ் எழுதிய 'டார்க் லார்ட் ஆஃப் டெர்க்ஹோம்' (1998) எடுங்கள். வேறொரு உலகத்திலிருந்து சுற்றுலாக் கூட்டம் மாய உலகத்துக்கு வருகிறது, வந்தவர்களுக்காக உள்ளூர்க்காரர்கள் போர் நடத்தி, ஊரைப் பாழாக்கி, வருஷா வருஷம் வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த வருஷத்து வில்லன் வேஷம் டெர்க் என்கிற அப்பாவி மந்திரவாதி தலையில் விழுகிறது. சீசன் நேரத்தில் கன்னியாகுமரியில் கடை போட்டவர்களும், விவேகானந்தர் பாறைப் படகுக்கு நிற்கும் வரிசையைத் தினம் கடந்து வீட்டுக்குப் போகிறவர்களும் இதைப் படித்தால் வேறு யாரையும்விட அதிகமாக ரசிப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். என் கணக்கில் பிராட்செட் முடித்தவுடன் போக வேண்டிய முதல் வீடு இவருடையதுதான்.

புத்தகங்களை வைத்தே விளையாடுவது பிடிக்குமென்றால் ஜாஸ்பர் ஃபோர்ட், 'தி ஏர் அஃபேர்' (2001). பழைய தெய்வங்களும் அரக்கர்களும் இன்றைய தெருவில் வந்து மாட்டிக்கொள்வது பிடிக்குமென்றால் டாம் ஹோல்ட். இவரே கே.ஜே. பார்க்கர் என்ற பெயரிலும் எழுதுகிறார், ஆனால் அந்தப் பெயரில் வருவது கொஞ்சம் இருண்ட சரக்கு, தெரிந்து வாங்குங்கள்.

தமிழிலேயே வேண்டுமா? புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. பூமிக்கு வந்த கடவுளை ஓட்டலில் காபி குடிக்க வைத்து, தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கேட்கிற பிள்ளையை இன்னும் சந்திக்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அப்புறம் மலையாள எழுத்தாளர் பஷீரின் 'உலகப் புகழ்பெற்ற மூக்கு'. ஒரு சமையல்காரனுக்கு மூக்கு நீண்டுகொண்டே போகிறது, அதனாலேயே பெரிய மனிதனாகி, நாட்டு விவகாரத்துக்கெல்லாம் அவனிடம் கருத்துக் கேட்கிறார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் நேராக மூலத்துக்கே போகலாம். தமிழில் வெளியிட்டிருப்பது காலச்சுவடு, அதாவது நம்ம நாகர்கோவில் பதிப்பகம்.

மூன்றாவது படியைப் பலரும் செய்வதில்லை, ஆனால் பலன் அதிகம்: பின்னோக்கிப் போவது. புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தையும் நன்றியுரையையும் தாண்டிவிடாதீர்கள். பிராட்செட் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய 'குட் ஓமன்ஸ்' (1990) சமர்ப்பணத்தில் ஜி.கே. செஸ்டர்டன் என்ற பழைய எழுத்தாளரின் பெயர் இருக்கும். அந்த இழையைப் பிடித்துப் போனால் 1908-ல் வந்த அவருடைய 'தி மேன் ஹூ வாஸ் தர்ஸ்டே' நாவல் கிடைக்கும். அதே காலத்து எஃப். ஆன்ஸ்டியின் 'தி பிராஸ் பாட்டில்' (1900) இன்னும் சுவாரசியம். ஏலத்தில் எடுத்த பித்தளைக் குப்பியிலிருந்து வெளியே வந்த பூதம், நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, எசமானை நாலு பேர் முன்னால் தலைகாட்ட முடியாமல் செய்துவிடுகிறது. நம்ம 'பட்டணத்தில் பூதம்' படத்துக்கு மூலம் இந்தக் கதைதான், ஆங்கிலப் படம் வழியாக வந்தது.

சரி, காசு? இந்த இரண்டு பழைய நாவல்களும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். புதுமைப்பித்தன் கதைகள், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டத்தில் இருக்கின்றன. புதிய எழுத்தாளர்களை வாங்கும் முன் கிண்டிலில் மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள். அதில் ஒரு உரையாடலையாவது வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டத் தோன்றினால் வாங்கலாம், தோன்றாவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். நகைச்சுவை நாவலைப் பொறுத்துப் பொறுத்துப் படிப்பதில் அர்த்தமே இல்லை.

ஒன்று மட்டும் கவனம். வரிசையாக எழுதுகிறவர்களுக்கு முதல் புத்தகம் பெரும்பாலும் சிறந்ததாக இருக்காது. டிஸ்க்வேர்ல்டையே புதியவர்களுக்கு நான் எட்டாவதான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். புது ஆளிடமும் முதல் புத்தகம் சுமாராக இருந்தால் உடனே கைவிடாமல், மூன்றாவதோ நான்காவதோ ஒன்றின் மாதிரியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.