இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடுவது எப்படி: ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்களில் பலர் இரண்டு மாடல்களின் விவரப் பட்டியலை அருகருகே வைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் பெரிய எண்கள் அதிகமோ அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டையும் அப்படி ஒப்பிட்டால் முடிவு தவறாகவே அமையும். 2021 பிப்ரவரியில் வெளிவந்த 3060-இல் 3,584 குடா கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), 12 ஜிபி மெமரி, 192 பிட் மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையே தரவு செல்லும் பாதை) ஆகியவை உள்ளன. 2023 ஜூனில் வெளிவந்த 4060-இல் இருப்பவை 3,072 கோர்கள், 8 ஜிபி மெமரி, 128 பிட் பஸ். இந்த மூன்றிலும் பழைய கார்டே முந்துகிறது. ஆனால், 1080பி (1920×1080 புள்ளிகள்) தெளிவில் கேம்களை ஓட்டிப் பார்த்தால் புதிய கார்டு சராசரியாக ஏறத்தாழ 20 சதவீதம் வேகமாக இருக்கிறது. இது ஏன் என்று விளங்கிவிட்டால், வேறு எந்த இரண்டு கார்டுகளையும் ஒப்பிடும் வழி பிடிபட்டுவிடும்.

கோர்களின் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு கோர் ஒரு சுழற்சியில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்வதாகக் கொண்டு கணக்கிடுவது வழக்கம். 3060-இன் பூஸ்ட் வேகம், அதாவது சுமையின்போது எட்டும் கடிகார வேகம், 1.777 கிகாஹெர்ட்ஸ், ஆகவே 3,584-ஐ 2-ஆலும் 1.777-ஆலும் பெருக்கினால் சுமார் 12.7 டெராஃபிளாப்ஸ் (வினாடிக்கு 12.7 லட்சம் கோடி கணக்குகள்) கிடைக்கும். 2.46 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 4060-க்கு அதே கணக்கு 15.1 டெராஃபிளாப்ஸ் தருகிறது. சாம்சங்கின் 8 நானோமீட்டர் சிப் தயாரிப்பு முறையிலிருந்து தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 4என் முறைக்கு மாறியதே இவ்வளவு வேக உயர்வுக்கு முக்கியக் காரணம்.

இந்தக் கணக்கை ஒரே தலைமுறைக்குள் ஓரளவு நம்பலாம். தலைமுறை மாறினால் எச்சரிக்கை தேவை. 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2070-இல் 2,304 கோர்கள்தான், கணக்குப்படி 7.5 டெராஃபிளாப்ஸ்தான், இருந்தும் கேம்களில் அது 3060-க்கு ஏறத்தாழ இணையாக ஓடுகிறது. முழு எண் கணக்குகளைச் செய்துவந்த அலகுகளைத் தசம எண் கணக்குகளையும் செய்யும்படி 3000 தொடரில் மாற்றி, அவற்றையும் கோர்களாக எண்ணத் தொடங்கியதே இதற்குக் காரணம். போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கோர்களை என்விடியாவின் கோர்களோடு எண்ணி ஒப்பிடுவதில் இதைவிடவும் பொருள் குறைவு.

அடுத்தது மெமரி. பஸ்ஸின் அகலம் மட்டும் எதையும் சொல்லாது. அகலத்தை மெமரியின் வேகத்தால் (ஒரு பிட் அகலத்தில் வினாடிக்கு எத்தனை கிகாபிட்) பெருக்கி 8-ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை ஜிபி தரவு நகரும் என்பது தெரியும். 3060-க்கு 192-ஐ 15-ஆல் பெருக்கி வகுத்தால் 360 ஜிபி. 4060-க்கு 128-ஐ 17-ஆல் பெருக்கி வகுத்தால் 272 ஜிபி. இதிலும் பழையதே முன்னால் நிற்கிறது. ஆனால் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சிறிய அதிவேக மெமரி 3060-இல் 3 எம்பி, 4060-இல் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவு கேஷிலேயே கிடைத்துவிடுவதால் வெளி மெமரியைத் தேடிப் போகும் முறைகள் குறைகின்றன. 1080பி-இல் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. 1440பி, 4கே என்று தெளிவு கூடிக்கொண்டே போகப்போகத் தரவு கேஷில் அடங்காமல் குறுகிய பஸ்ஸின் பலவீனம் வெளிப்படுகிறது. எனவே எந்தத் திரையில் பயன்படுத்தப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் ஒப்பீட்டைத் தொடங்குவதே வீண்.

மெமரியின் கொள்ளளவு வேறு வகையான அம்சம். வாங்குவோர் இதற்கு இன்னும் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோர்கள் குறைந்தால் வேகம் படிப்படியாகக் குறையும். மெமரி போதாவிட்டால் வேகம் ஒரேயடியாகச் சரியும். 8 ஜிபி நிரம்பியதும் மீதித் தரவு கணினியின் ரேமுக்குத் தள்ளப்பட்டு, கார்டை மதர்போர்டோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்பு வழியாக வந்துபோக வேண்டியிருக்கும். அந்த இணைப்பில் 3060-க்கு 16 தடங்கள், 4060-க்கு 8 தடங்கள் மட்டுமே. பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் 4060-ஐப் பொருத்தினால் அந்த வழியின் கொள்ளளவு வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபியாகச் சுருங்கிவிடும். பழைய கணினியை மேம்படுத்துவோர் மதர்போர்டின் கையேட்டை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

விவரங்களைப் படித்த பின் சோதனை முடிவுகளுக்கு வரலாம். சராசரி எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை பிரேம்கள், அதாவது காட்சிப் படங்கள்) மட்டும் தரும் சோதனையை ஏற்க வேண்டாம். 1 சதவீதக் குறைந்த அளவையும் (மிக மெதுவான 1 சதவீதப் பிரேம்களின் வேகத்தை) சேர்த்துப் பாருங்கள். சீராக 60 எஃப்பிஎஸ் வரும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் 16.7 மில்லிவினாடி ஆகும்; இடையிடையே ஒரு பிரேம் 50 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால் சராசரி பெரிதாகக் குறையாது, ஆனால் காட்சி தடுக்கித் தடுக்கி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இரண்டு கார்டுகளும் ஒரே பிராசசரில், ஒரே அமைப்புகளில் சோதிக்கப்பட்டனவா என்பதையும் கவனியுங்கள். இரண்டும் ஒரே எஃப்பிஎஸ் தந்தால் பெரும்பாலும் அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்துவது பிராசசர்தான்.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 நுட்பத்தில், கேம் உருவாக்கும் பிரேம்களுக்கு இடையே கூடுதல் பிரேம்களைச் செருகும் பிரேம் ஜெனரேஷன் வசதி 4060-இல் உண்டு, 3060-இல் கிடையாது. விளம்பர வரைபடங்களில் இந்த வசதியுடன் கூடிய எண்களைப் பழைய கார்டின் எண்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவது வழக்கம். இடையில் செருகப்படும் பிரேம்கள் காட்சியை மென்மையாக்குமே தவிர, நாம் பொத்தானை அழுத்துவதற்கும் திரை மாறுவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைப்பதில்லை. ஆகவே அது இல்லாத எண்களை முதலில் ஒப்பிட்டு, பிறகு அதைக் கூடுதல் வசதியாக மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேம் அல்லாத வேலைகளில் தராசு வேறு பக்கம் சாயலாம். வீடியோவை ஏவி1 என்ற சுருக்க வடிவில் பதிவுசெய்யும் வன்பொருள் வசதி 4060-இல் இருக்கிறது. 3060-ஆல் அந்த வடிவத்தை இயக்கிக் காட்ட மட்டுமே முடியும். மாறாக, 1,300 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றுக்கொண்ட எண்கள்) கொண்ட செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை, ஒவ்வொரு அளவுருவையும் 4 பிட்டாகச் சுருக்கி, சொந்தக் கணினியில் இயக்க விரும்பினால், அளவுருக்களுக்கு மட்டுமே 6.5 ஜிபி போய்விடும். உரையாடல் நீள நீள இன்னும் இடம் வேண்டும். 12 ஜிபியில் அது தாராளமாக அடங்கும், 8 ஜிபியில் நெருக்கடிதான். இந்த வேலைக்கு நான் தயங்காமல் 3060-ஐயே பரிந்துரைப்பேன்; 1080பி-இல் கேம் மட்டும் ஆடுபவருக்கு 4060-ஐ.

மின்சாரக் கணக்கு எளிது. 3060 அதிகபட்சம் 170 வாட், 4060 115 வாட். தினமும் 4 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் 55 வாட் வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 80 யூனிட் ஆகும்.

பெயரைப் பார்த்து மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் பஸ் கொண்ட கார்டும் விற்பனைக்கு வந்தது. அதில் வினாடிக்கு நகரும் தரவு 240 ஜிபி மட்டுமே. லேப்டாப்பில் வரும் 3060-இல் 3,840 கோர்களும் 6 ஜிபி மெமரியும் இருப்பதால், அதன் சோதனை முடிவுகள் மேசைக் கணினியின் கார்டுக்குப் பொருந்தாது. ஒருவர் பயன்படுத்திய 3060-ஐ வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரின் கணினியிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, மெமரி அளவு 12 ஜிபி என்றும் பஸ் அகலம் 192 பிட் என்றும் காட்டுகிறதா என்று சரிபார்த்த பின் பணத்தைக் கொடுங்கள்.