கேட்காத சொல்லை எழுதாதீர்கள்: கோர்ட் ரிப்போர்ட்டர் வேலைக்கு வருபவர்களுக்கு

கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றத்தில் கோர்ட் ரிப்போர்ட்டராக, அதாவது விசாரணையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் ஸ்டெனோ (சுருக்கெழுத்து) மெஷினில் பதிவு செய்பவராக, சேரப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். வேகம் வேண்டும், மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஆர்.பி.ஆர். (பதிவுபெற்ற தொழில்முறை ரிப்போர்ட்டர்) சான்றிதழ் வாங்க, தேர்வின் கேள்வி-பதில் பகுதியை நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில் 95 சதவீதம் சரியாக எழுத வேண்டும். அது பயிற்சியில் வந்துவிடும். ஆனால், பேசிக்கொண்டிருக்கும் நீதிபதியையே "மன்னிக்கவும், எனக்குக் கேட்கவில்லை" என்று நிறுத்தும் தைரியம் தானாக வராது. அதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள்.

மேல்முறையீட்டில் உட்காரும் நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் முன்னால் இருப்பது நாம் எழுதிக் கொடுத்த பக்கங்கள்தான். விசாரணையின்போது வக்கீல் எழுப்பிய ஆட்சேபணை அந்தப் பக்கங்களில் இல்லையென்றால், அது எழுப்பப்படவே இல்லை என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் சிறையில் இருப்பதும் வெளியே வருவதும் அந்த ஒரு வரியில் நிற்கலாம். அதனால் குறுக்கிடக் கூச்சப்படாதீர்கள்.

எப்படிக் குறுக்கிடுவது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் பேசினால் உடனே கையை உயர்த்தி, "ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் இரண்டு பேச்சுமே போய்விடும். சாட்சி தலையை மட்டும் ஆட்டினால் வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள். "இவ்வளவு தூரத்தில் நின்றான்" என்று கையை விரித்துக் காட்டினால், அது எத்தனை அடி என்று பேச வைப்பது வக்கீலின் வேலை. நாமாக அளந்து எழுதக் கூடாது. "பதினைந்தா, ஐம்பதா" போல எண் குழப்பினால் அப்போதே கேளுங்கள்.

அழுதுகொண்டே பேசும் சாட்சிதான் கடினம். அவர் மூச்சு வாங்கும்போது, நான் கடைசியாகத் தெளிவாகக் கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லி, "அதற்குப் பிறகு என்ன சொன்னீர்கள்?" என்று மெதுவாகக் கேட்பேன். எனக்குத் தோன்றிய சொல்லை நான் எடுத்துக் கொடுப்பதே இல்லை. உடைந்து போயிருக்கும் மனிதர் எதற்கும் "ஆமாம்" என்று சொல்லிவிடுவார். அப்புறம் அது அவருடைய சாட்சியாக இருக்காது, என்னுடையதாகிவிடும்.

சரி, மெஷினுக்கு வருவோம். வழக்கமான ஆங்கில ஸ்டெனோ மெஷினில் 22 விசைகள்தான். ஒவ்வொரு எழுத்தாக அடிக்காமல் ஒலியை அடிக்கிறோம்: அசையின் தொடக்க மெய் இடது கையில், உயிர் கட்டைவிரல்களில், முடியும் மெய் வலது கையில், எல்லாம் ஒரே அழுத்தத்தில். நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களுக்கு ஒரே அழுத்தத்தில் முடியும் குறுக்கங்களை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். அவற்றையெல்லாம் சொல்லாக மாற்றுவது உங்கள் கணினியில் இருக்கும் சொந்த அகராதி. அதை வளர்ப்பதுதான் பாதி வேலை. வழக்கு தொடங்கும் முன்பே சாட்சிப் பட்டியலையும் குற்றப்பத்திரிகையையும் கேட்டு வாங்கிப் பெயர்களை ஏற்றிவிடுங்கள். மருத்துவரோ தடயவியல் நிபுணரோ வருகிறார் என்றால் அவர்களுடைய அறிக்கையையும் கேளுங்கள். தராவிட்டால் மறுபடி கேளுங்கள்.

சாட்சியின் இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். பாதியில் விட்ட வாக்கியமும் வசைச்சொல்லும் அப்படியே வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இருந்தால், அவர் நீதிமன்ற மொழியில் சொல்வதைத்தான் நாம் எழுதுகிறோம். அவர் "நான் பார்த்தேன்" என்று சாட்சியின் குரலிலேயே பேச வேண்டும். "பார்த்தாராம்" என்று ஆரம்பித்தால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள். பதிவை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நீதிபதிக்குத்தான். ஒரு வக்கீல் மட்டும் "இது பதிவில் வேண்டாம்" என்று சொன்னால் கையை எடுக்காதீர்கள்.

கவுன்சில் கூட்டங்களுக்கும் நில அனுமதி விசாரணைகளுக்கும் சில நேரம் நம்மை அனுப்புவார்கள். மைக்குக்கு வருகிறவரின் பெயரையும் அதன் எழுத்துகளையும் அவர் பேசத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வாக்கெடுப்பு என்றால் யார் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு சொல்ல வைக்க வேண்டும்.

எழுத்துப்படி தயாரிக்கும்போது ஒலிப்பதிவு துணைக்கு மட்டும்தான். இருமலுக்கும் கதவுச் சத்தத்துக்கும் அடியில் புதைந்த சொல்லை எந்தப் பதிவும் மீட்டுத் தராது. கடைசிப் பக்கத்தில், இது உள்ளது உள்ளபடியான பதிவு என்று சான்று கொடுத்து நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். அதனால் அச்சில் ஒருமுறை முழுதாகப் படிக்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒரு தரப்பு அவசரமாகப் பிரதி கேட்டால், அதே பிரதி மறு தரப்புக்கும் கிடைக்க வழி இருக்க வேண்டும். வராந்தாவில் எந்த வக்கீலோடும் வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம்.

இடைவேளையையும் நீங்களே கேளுங்கள். வாதம் சூடாகும்போது உங்கள் விரல்களை நினைத்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்காது. விரல் சோர்ந்தால் முதலில் விழுவது "இல்லை" போன்ற சின்னச் சொற்கள்தான். பத்து நிமிடம் கேட்டால் பெரும்பாலான நீதிபதிகள் தந்துவிடுவார்கள்.