கலவை முதலில், கன்று பிறகு: மாடித்தோட்டம் தொடங்குகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நாற்றுப்பண்ணைக்குப் போவது, பூத்து நிற்கும் ரோஜா ஒன்று, மிளகாய்க் கன்று நான்கு, கறிவேப்பிலை ஒன்று என்று வாங்குவது, கிளம்பும் நேரத்தில் "மண் மூட்டை இருக்கிறதா?" என்று கேட்டு, கடைக்காரர் கைகாட்டுவதைத் தூக்கி வருவது. சென்னையில் பெரும்பாலான மாடித்தோட்டங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. என்னுடையதும் அப்படித்தான் தொடங்கியது. நட்ட பத்தாம் நாள் என் தக்காளி நாற்றுகளின் இலை ஓரங்கள் தீய்ந்து சுருண்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஐந்தில் நான்கு போயின. "தயார் கலவை" என்று எழுதியிருந்த அந்த மூட்டையில் இருந்தது பெரும்பாலும் கழுவாத தென்னை நார்க்கழிவு. அதிலிருந்த உப்புதான் வேரைக் கெடுத்திருந்தது.

ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கலவையைத் தயார் செய்யுங்கள். கன்று வாங்கப் பத்து நாள் கழித்துப் போகலாம்.

படி 1: தென்னை நார்க்கழிவைக் கழுவுங்கள்

கடைகளில் கோகோபீட் என்று கேட்டால் கிடைக்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து வரும் 5 கிலோ கட்டிதான் பெரும்பாலும் விற்பனைக்கு இருக்கும். மண் மட்டும் போட்டு நிரப்பினால் 20 லிட்டர் பை ஈரத்தோடு 30 கிலோவைத் தாண்டிவிடும். பத்துப் பை வைத்தால் மாடியின் மீது ஏறும் சுமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த எடையைக் குறைக்கவும் ஈரத்தைப் பிடித்துவைக்கவும்தான் நார்க்கழிவு.

தேங்காய் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு இயல்பாகவே சேர்ந்திருக்கும். மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து நார் எடுத்திருந்தால் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். கழுவியது என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் நீங்களும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

5 கிலோ கட்டிக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஊறியபின் 60 லிட்டருக்கு மேல் உப்பிவிடும். முதல்முறை இதைக் குளியலறை வாளியில் போட்டுவிட்டு நான் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வாளி கண்ணில் படவில்லை. பெரிய தொட்டியிலோ, தார்ப்பாயை விரித்து ஓரம் மடித்தோ ஊறவையுங்கள். மறுநாள் பழைய வேட்டியிலோ கொசுவலையிலோ கட்டிப் பிழியுங்கள். தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கும். மீண்டும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். மூன்று முறை செய்தால் பெரும்பாலும் போதும்.

எப்போது நிறுத்துவது? குடிநீரைச் சோதிக்க வாங்கிய டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) வீட்டில் இருந்தால் அதைப் பிழிந்த தண்ணீரில் வையுங்கள். உங்கள் குழாய்த் தண்ணீரின் அளவுக்கு நெருங்கிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருக்களில் கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீரோ லாரித் தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் இதற்கு ஆகவே ஆகாது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

படி 2: செம்மண்ணைப் பாட்டிலில் போட்டுப் பாருங்கள்

செம்மண் என்று விற்பதில் கட்டட இடிபாட்டுத் தூளும் கலந்து வருவதுண்டு. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, மீதியைத் தண்ணீரால் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருப்பது களி. மணல் பாதியாவது இருந்தால் தொட்டிக்கு நல்லது. களியே மிகுதியாக இருந்தால் இரண்டு மாதத்தில் தொட்டி செங்கல்லாகிவிடும். அதைத் தளர்த்தக் கடற்கரை மணலை மட்டும் அள்ளி வந்துவிடாதீர்கள். இவ்வளவு நேரம் கழுவிய உப்பு மறுபடி வந்து சேரும்.

படி 3: உரத்தை முகர்ந்து வாங்குங்கள்

நல்ல மண்புழு உரத்தை உள்ளங்கையில் வைத்து முகர்ந்தால் முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் இருக்கும். மூக்கில் ஏறும் நெடி அடித்தால் சாணம் இன்னும் மக்கவில்லை என்று பொருள். கொஞ்சம் எடுத்துத் தண்ணீர்த் தம்ளரில் போடுங்கள். எடைக்காக மணல் கலந்திருந்தால் அது சட்டென்று அடிக்குப் போய்விடும். பச்சைச் சாணத்தை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். மக்கும்போது வேரைச் சுடும்; வெள்ளைப் புழுக்களும் கூடவே வரும்.

படி 4: கலப்பது

20 லிட்டர் பைக்கு, கழுவிய நார்க்கழிவு 8 லிட்டர், செம்மண் 6 லிட்டர், மண்புழு உரம் 6 லிட்டர், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். இதற்காக அளவு கருவி எதுவும் வாங்க வேண்டாம், பழைய பெயின்ட் டப்பா போதும். உரக்கடையில் டிரைக்கோடெர்மா விரிடி பொடி கிடைத்தால் ஒரு தேக்கரண்டி சேருங்கள். வேரழுகல் பூஞ்சையை அடக்கிவைக்கும் இன்னொரு பூஞ்சை அது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கிய மாடித்தோட்டத் தளைகளிலும் (கிட்) நார்க்கழிவுக் கட்டி, விதைகளோடு இதையும் வைத்திருந்தார்கள்.

கலந்ததை ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். ஓரிரு சொட்டு தண்ணீர் வரலாம். கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும். விரலால் குத்தினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் களி அதிகம். உருண்டையே பிடிக்காவிட்டால் ஈரம் போதாது. பையின் விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலம் இடம் விட்டு நிரப்பி, நிழலில் ஒரு வாரம் ஈரம் காயாமல் வையுங்கள்.

படி 5: வெந்தயத்தைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் இதைச் செய்யுங்கள். ஒரு கொட்டாங்குச்சியில் துளையிட்டு, உங்கள் கலவையை நிரப்பி, பத்து வெந்தயம் ஊன்றுங்கள். அதே நாளில் ஈரத்துணியில் இன்னொரு பத்து வெந்தயத்தை மடித்துவையுங்கள். மூன்றாம் நாள் துணியில் ஒன்பது முளைத்து, கொட்டாங்குச்சியில் மூன்றுதான் முளைத்திருக்கிறது என்றால் குறை விதையில் இல்லை, கலவையில். ஒரு வாரத்தில் இரட்டை இலைகள் பச்சையாக விரிந்தால் கன்று வாங்கக் கிளம்பலாம். ஓரம் கருகினால் பையில் தண்ணீரை ஊற்றி அடியில் வடியவிட்டு மறுபடி கழுவுங்கள். முகர்ந்து பார்த்து நெடி இருந்தால் இன்னும் பதினைந்து நாள் மக்க விடுங்கள்.

படி 6: பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்

நாற்றுப்பண்ணையில் முதல் கேள்வி விலையாக இருக்க வேண்டாம். "இது எப்போது வந்தது?" என்று கேளுங்கள். சென்னையில் விற்கும் தொட்டிச் செடிகளில் ஒரு பகுதி ஆந்திரத்தின் கடியம் பண்ணைகளிலிருந்து லாரியில் வருகிறது. ரோஜாவும் குளிர்ச்சி விரும்பும் பூச்செடிகளும் ஓசூர், பெங்களூரு பக்கமிருந்தும் வருகின்றன. நேற்று இறங்கிய செடி இன்று பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு மாதம் இங்கேயே வெயில் பட்டு, புதுத் துளிரும் விட்டிருக்கிற சுமாரான செடிதான் நமக்கு வேண்டியது.

பிறகு பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். துளை வழியே ஒன்றிரண்டு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. தடித்த வேர்கள் சுருண்டு பின்னியிருந்தால் பல மாதங்களாக அதே பையில் கிடந்திருக்கிறது. பழுப்பாக, நாற்றத்தோடு இருந்தால் அழுகல். அடுத்து இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு: பஞ்சுபோல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. செடியை லேசாகத் தட்டுங்கள். வெள்ளைத் தூசி எழும்பிப் பறந்து மறுபடி இலைக்கடியில் போய் உட்கார்ந்தால் அது தூசி அல்ல, வெள்ளை ஈ. மிளகாயில் நுனியிலைகள் சுருண்டிருந்தால், "சரியாகிவிடும் சார்" என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

எலுமிச்சை, மா போன்றவற்றில் ஒட்டுக் கன்றா, பதியமா, விதைக் கன்றா என்று கேட்டு வாங்குங்கள். விதைக் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுப் போட்ட இடம் தண்டில் ஒரு புடைப்பாகத் தெரியும். அதற்குக் கீழிருந்து மட்டும் துளிர் வந்து மேலே காய்ந்திருந்தால் உங்களுக்குக் கிடைக்கப் போவது நல்ல ரகம் அல்ல, ஒட்டுவதற்கு அடியில் வைத்த அடிக்கன்றுதான்.

குழித்தட்டு நாற்றுகளில் தக்காளி ஏறக்குறைய 25 நாளும், மிளகாயும் கத்தரியும் 35 முதல் 40 நாளும் ஆனவையாக இருந்தால் சரி. தட்டிலேயே பூ விட்டவை முற்றியவை. வெண்டை, முள்ளங்கி, கீரைக்கு நாற்று வாங்குவது வீண்செலவு. விதையை நேராகப் பையில் ஊன்றினாலே போதும்.

படி 7: வந்த உடனே நடாதீர்கள்

புதுச் செடியை மற்றவற்றிடமிருந்து தள்ளி, அரைநிழலில் ஒரு வாரம் வையுங்கள். இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். பூச்சி கண்ணில் பட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். கத்திரி வெயிலில் எதையும் தொடங்க வேண்டாம். ஆடியிலும் தையிலும் நடுவதே எளிது.

நடுவதும் மாலையில்தான். கறுப்புப் பையைக் கிழிக்குமுன் நனைத்துக்கொள்ளுங்கள், மண்கட்டி உடையாது. ரோஜா பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டையோடு வரும். அந்த உருண்டையை அரைமணி நேரம் தண்ணீரில் உட்காரவைத்து, ஓரங்களை மட்டும் விரலால் தளர்த்துங்கள். அப்படியே நட்டால் உங்கள் கலவை நனையும், நடுவில் உருண்டை காய்ந்தே கிடக்கும். ஒட்டுப் புடைப்பு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அடித்துளையில் தண்ணீர் வடியும் வரை ஊற்றுங்கள்.

மறுநாள் மதியம் இலைகள் தொங்கும். பதறிப்போய்த் தண்ணீர்க் குவளையோடு ஓடாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் இலைகள் தானாக நிமிரும். மாலை ஏழு மணிக்கும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் நிழலுக்கு மாற்ற வேண்டும். கொட்டாங்குச்சியில் வளர்ந்த வெந்தயத்தை இதற்குள் பறித்துப் பருப்பில் போட்டிருப்பீர்கள். போடவில்லை என்றால் இன்றே போடுங்கள், முற்றினால் கசக்கும்.