கூட்டுப் புதைகுழி: ஒவ்வோர் உடலையும் திரும்ப எடுக்கும்படி புதைக்கும் முறை

1903 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது வாணியம்பாடியில் சுமார் 200 பேர் இறந்தார்கள். அப்படியொரு வெள்ளம் மறுபடி வந்தால் அடையாளம் தெரியாத உடல்களை என்ன செய்வது என்று ஆற்றோர ஊர்கள் இப்போதே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பிணத்தால் கொள்ளைநோய் பரவும் என்ற பயத்தில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. வெள்ளத்தில் மூழ்கியும் அடிபட்டும் செத்தவர்களால் ஊருக்கு நோய் வராது. காலரா, எபோலா சாவுகள் மட்டும் வேறு. தூக்குபவர்களுக்குக் கையுறை, ரப்பர் பூட்ஸ், சோப்பு போதும். சுண்ணாம்பு கொட்டிப் பயனில்லை. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் எத்தனையோ உடல்கள் அவசரத்தில் பெயர் தெரியாமலே மண்ணுக்குள் போயின. அதே சுனாமியில் தாய்லாந்தில் எண் கட்டித் தற்காலிகமாகப் புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்து, மரபணுச் சோதனை செய்து குடும்பங்களிடம் கொடுக்க முடிந்தது.

ஆகவே முதல் வேலை எண் கொடுப்பது. இடம், மீட்ட குழு, வரிசை மூன்றும் சேரட்டும்: 'காட்பாடி-2-017'. நனைந்தாலும் அழியாத அட்டையில் இரண்டு எழுதி, ஒன்றை உடலிலும் மற்றதை உடலை வைக்கும் பையிலும் கட்டுங்கள். எண் தெரியும்படி முழு உடல், முகம், மேல்பாதி, கீழ்பாதி, பச்சை குத்தல், தழும்பு எல்லாவற்றையும் படமெடுங்கள். முகத்துச் சேற்றைக் கழுவிவிட்டு எடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலே முகம் மாறிவிடும். தாலி, மெட்டி, தாயத்து, சட்டை எதையும் கழற்றித் தனியே குவிக்காதீர்கள். உடலோடுதான் இருக்க வேண்டும். போலீஸ் விசாரணை முடியாமல் குழிக்குள் இறக்கக் கூடாது. அடையாளம் தெரியாத உடலை எரிக்கவே கூடாது.

குழி 1.5 மீட்டர் ஆழம். குடிநீர்க் கிணறோ போர்வெல்லோ 250 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. உடல்கள் கூடக் கூட இந்தத் தூரமும் கூட வேண்டும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 2 மீட்டர் மண் வேண்டும், மணல் என்றால் 3 மீட்டர். பாலாற்றங்கரை மணல்தான், அங்கே தண்ணீர் 4.5 மீட்டருக்குக் கீழே இருந்தால்தான் இடம் தேறும். சித்திரையில் பார்த்த மட்டத்தை நம்பாதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் ஏறிவிடும். ஏரி உள்வாய், அதாவது ஏரிக்குள் தண்ணீர் நிற்கும் நிலம், ஆகவே ஆகாது.

ஒரே அடுக்குதான். உடலுக்கு உடல் 40 சென்டிமீட்டர் இடைவெளி. 20 பேருக்குச் சுமார் 20 மீட்டர் நீளப் பள்ளம். எல்லோருக்கும் தலைமாடு ஒரே பக்கம். ஜேசிபி பள்ளம் தோண்டட்டும்; உடலை இறக்குவது மனிதக் கைதான். மணல் கரை சரியும், ஆகவே விளிம்பைச் சாய்வாக வெட்டி, வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். இயந்திரம் உடல்களைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு போஸ்னியா சாட்சி. 1995 ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையை மறைக்கக் குழிகளை இயந்திரத்தால் தோண்டி வேறிடங்களில் கொட்டினார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன.

மண் மூடியதும் ஒவ்வொரு தலைமாட்டிலும் அதே எண்ணுடன் கல் நடுங்கள். வெள்ளம் கல்லைப் பெயர்த்துவிடலாம்; அதனால் மின்கம்பம், பாலத் தூண் போன்ற அசையாத இரண்டு இடங்களிலிருந்து பள்ளத்தின் இரு முனைகளுக்கும் டேப் வைத்து அளந்து வரைபடத்தில் குறியுங்கள். எண், படம், வரைபடம் எல்லாம் சேர்ந்த பதிவேட்டின் ஒரு படி தாசில்தாரிடம், இன்னொன்று காவல் நிலையத்தில்.