கால்நடை உயிர்மருத்துவ அறிவியல்: பிரிட்டனில் கல்லூரி தேர்வு செய்வது எப்படி?

பட்டத்தின் பெயரில் 'வெட்டினரி' இருந்தால் போதும், படித்ததும் கால்நடை டாக்டர் ஆகிவிடலாம் என்று நினைத்துச் சேருகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. பயோவெட்டினரி சயின்ஸ் (கால்நடை உயிர்மருத்துவ அறிவியல்) பி.எஸ்சி. பெரும்பாலும் 3 வருடப் படிப்பு. அது ஆய்வகத்துக்கான வழி. வைத்தியம் பார்க்க உரிமை தராது. வைத்தியம் பார்க்க ராயல் காலேஜ் ஆஃப் வெட்டினரி சர்ஜன்ஸ் அமைப்பில் பதிவு வேண்டும். அதற்குரிய பட்டம் பொதுவாக 5 வருடம், கேம்பிரிட்ஜில் 6. (1791-ல் தொடங்கிய லண்டன் ராயல் வெட்டினரி காலேஜ் வேறு; அது படிக்கிற இடம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலரும் குழம்புவார்கள்.)

முதல் படி: டாக்டரா, ஆய்வகமா? இதை முடிவு செய்யாமல் கல்லூரிப் பட்டியலைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது, யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) விண்ணப்பம். மொத்தம் 5 இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் கால்நடை மருத்துவத்துக்கு 4 மட்டுமே. ஐந்தாவதில் பயோவெட்டினரி போடலாம். மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, லண்டன் நேரம் மாலை 6 மணி. நமக்கு இரவு 10:30. மற்றப் படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு, ஐந்தாவதைப் பிறகும் சேர்க்கலாம்.

சறுக்குவது இங்கேதான். ஐந்து கல்லூரிக்கும் போவது ஒரே சுயவிளக்கம் (பர்சனல் ஸ்டேட்மென்ட்). அனுப்பிய பிறகு திருத்த முடியாது. 'சின்ன வயசிலிருந்தே நாய்க்குட்டி பிடிக்கும், டாக்டர் ஆகணும்' என்று மட்டும் எழுதினால், ஐந்தாவது கல்லூரிக்கு நீங்கள் வேண்டாவெறுப்பாக வருவதாகவே தெரியும். மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. அதில் ஒரு பத்தியை அறிவியலுக்கு ஒதுக்குங்கள்: கோமாரி வைரஸ் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவுகிறது, ஒரு வகைக்குப் போட்ட தடுப்பூசி இன்னொரு வகையை ஏன் தடுப்பதில்லை என்பது போல. கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் அதை விரும்பியே படிக்கும்.

அடுத்து பாடத்திட்டம். நோயியல், ஒட்டுண்ணியியல், நோய் எதிர்ப்பியல் மூன்றும் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்று பாருங்கள். ஒரு வருடம் வெளியே வேலை செய்யும் வாய்ப்பு இருந்தால் அந்தக் கல்லூரிக்கு முன்னுரிமை தாருங்கள். சர்ரே பகுதியில் கோமாரியை ஆராயும் பிர்பிரைட் ஆய்வு நிலையம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களுக்கு மாணவர்கள் போகிறார்களா என்று கேளுங்கள்.

'பி.எஸ்சி. முடித்து மருத்துவத்துக்கு மாறிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், எத்தனை பேர் மாறினார்கள் என்று எண்ணிக்கை கேளுங்கள். பட்டதாரிகளுக்கு எடின்பரோவில் 4 வருட மருத்துவப் படிப்பு இருக்கிறது. ஆனால் அது தனி விண்ணப்பம், தனிப் போட்டி, தனிக் கட்டணம்.