ஆடிப்பட்டத்துக்கு மாடித்தோட்டம்: 20 பையில் ஒரு வீட்டுக் காய்

நிலத்தில் நட்ட கத்தரிக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் வேரை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கிக்கொள்ளும். மண்ணில் உப்பு ஏறினால் மழை கழுவிக் கீழே கொண்டுபோய்விடும். மாடியில் பைக்குள் இருக்கும் கத்தரிக்கு இந்த இரண்டு வழியும் கிடையாது. ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள பையில் ஏறக்குறைய 20 லிட்டர் கலவை பிடிக்கும். அதற்குள் நீங்கள் போட்டதுதான் அதற்குச் சாப்பாடு, நீங்கள் விட்டதுதான் தண்ணீர். ஆசையாகத் தொடங்கி மூன்றாம் மாதம் கைவிட்ட பைகளைக் கொட்டிப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு விதையிலோ பூச்சியிலோ இருக்காது, கலவையில் இருக்கும். அதனால் விதைக் கடைக்குப் போகும் முன் கலவையைத் தயார் செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் மாடி. படியேறிப் புழங்கும் கான்கிரீட் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்பதுதான் இந்தியத் தரநிலையின் கணக்கு. நனைந்த நிலையில் ஒரு பை 20 முதல் 25 கிலோ வரும். ஆகவே ஒரு சதுர மீட்டரில் நாலு பைக்கு மேல் வேண்டாம். கைப்பிடிச் சுவரை ஒட்டியும், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடத்துக்கு நேர் மேலேயும் வரிசையாக வையுங்கள். தளத்தின் நடுவே குவிக்காதீர்கள். மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் ஒட்டு வீடுகளில் இந்த யோசனையே வேண்டாம். பைகளை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் அடித்துளை அடைபடாது, தளத்தில் ஈரமும் நிற்காது.

காய்ச் செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று, நாலு மணி நேரம் போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையைக் கீரைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கலவை

மண், தேங்காய் நார்க்கழிவு (கோகோபீட்), மட்கிய உரம் மூன்றும் கன அளவில் சம பங்கு. 20 பைக்கு, 20 லிட்டர் பெயிண்ட் வாளியால் அளந்தால் ஒவ்வொன்றும் 7 வாளி. மொத்தம் 420 லிட்டர் வருகிறதே என்று பார்க்காதீர்கள். கலந்து நனைத்ததும் படிந்து குறையும். பையின் மேலே இரண்டு அங்குலம் காலியாக விட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடும்.

மண் என்றால் செம்மண், அல்லது களிப்பு அதிகமில்லாத தோட்டத்து மேல்மண். கரிசல் மட்டும் கிடைத்தால் அந்தப் பங்கில் பாதிக்கு ஆற்று மணல் சேருங்கள். "மண்ணே வேண்டாம், கோகோபீட் போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. தினமும் அளந்து சத்துக் கரைசல் ஊற்றுகிறவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் மண் சேருங்கள். சத்தைப் பிடித்து வைப்பதிலும், ஒருநாள் தண்ணீர் விட மறந்தால் செடியைக் காப்பாற்றுவதிலும் மண் கலந்த பை முந்திக்கொள்ளும்.

நார்க்கழிவில்தான் ஏமாறுவார்கள். 5 கிலோ கட்டி ஒன்றை 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டால் 65, 70 லிட்டராகப் பொங்கும். ஆக 20 பைக்கு இரண்டு கட்டி. உப்பங்கழித் தண்ணீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த கழிவில் சோடியம் ஏறியிருக்கும். அதைக் கழுவாமல் போட்டால் நாற்றின் இலை நுனியும் விளிம்பும் கருகும். "வெயில் அதிகம்" என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். பாக்கெட்டில் உப்பளவு குறைந்தது, அதாவது "லோ ஈசி" என்று போட்டிருந்தாலும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள். தண்ணீரின் பழுப்பு நிறம் மட்டையின் துவர்ப்பால் வருவது. நிறம் போய்விட்டது என்பதால் உப்பு போய்விட்டது என்று ஆகாது, ஆகவே முறையை எண்ணிக் கழுவுங்கள். இன்னொன்று: மட்காத நார்க்கழிவு, தான் மட்குவதற்காகக் கலவையிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். நட்ட இரண்டாம் வாரமே செடி வெளிறி மஞ்சளானால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உரப் பங்கில் பாதி மண்புழு உரம், பாதி நன்றாக மட்கிய தொழுஉரம். சாணி வாசம் வீசுகிற உரம் பைக்கு ஆகாது. சூடு வேரைக் கருக்கும், கூடவே கட்டைவிரல் பருமனுள்ள வெள்ளைப் புழுக்களும் வந்து வேரைத் தின்னும். கைப்பிடியில் எடுத்தால் காட்டு மண் வாசம் வர வேண்டும். பைக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்குத் தூள், வேரழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்களான டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் தலா 10 கிராம் சேர்த்துக் கலந்து, புட்டு மாவு பதத்தில் ஈரமாக்கி, நிழலில் சாக்கு போட்டு மூடி 10 நாள் வையுங்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை (கிட்) கிடைத்தால் பை, நார்க்கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் ஒன்றாகவே வந்துவிடும்; மண்ணும் தொழுஉரமும் மட்டும் நீங்கள் தேட வேண்டும்.

என்ன, எத்தனை, எப்போது

ஒவ்வொன்றிலும் ஒரு செடி வைப்பது பார்க்க அழகு, சமையலுக்கு உதவாது. இரண்டு வெண்டைச் செடி வைத்தால் ஒரு பறிப்புக்கு இரண்டு, மூன்று வெண்டைக்காய்தான் கிடைக்கும். அதை வைத்து என்ன பொரியல் செய்வது? நாலு பேர் வீட்டுக்கு இப்படிப் பிரிக்கலாம்: வெண்டை 6 பை, பைக்கு இரண்டு செடி, தக்காளி 5 பை, கத்தரி 3, மிளகாய் 3, பைக்கு ஒரு செடி, கொத்தவரை 2 பை, பைக்கு மூன்று செடி. மீதி ஒன்று பாகல், சுரை போன்ற கொடிக்கு. அது மட்டும் 40, 50 லிட்டர் பிடிக்கும் பெரிய பையாகவோ பழைய டிரம்மாகவோ இருக்கட்டும். அதற்கேற்பக் கலவையும் இரண்டு வாளி கூடுதலாகத் தேவைப்படும். கீரைக்கு அரையடி ஆழமுள்ள அகலத் தட்டு இரண்டு தனியாக.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது வெண்டைக்கும் கொத்தவரைக்கும் கொடிக்கும் அப்படியே பொருந்தும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஆடியில் நடுவதற்கு நாற்று கையில் இருக்க வேண்டும். மிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25 நாள் ஆகும். ஆகவே மிளகாயும் கத்தரியும் ஆனி பிறந்ததும், தக்காளி ஆனி இரண்டாம் வாரத்தில் குழித்தட்டில் விழ வேண்டும். ஆடி கடைசியில் விதைத்த தக்காளி, ஐப்பசி மழை கொட்டும்போது காய்த்து நிற்கும். பழம் வெடிக்கும், இலையில் கருகல் வரும். நாற்று விடும் நாளில்தான் அறுவடை நிற்கிறது.

ரகத்தில் தக்காளிக்கு பெரியகுளத்தில் வந்த பி.கே.எம். 1, கத்தரிக்கு பாலூர் 1, வெண்டைக்கு பெங்களூரிலிருந்து வந்த அர்க்கா அனாமிகா. இலை நரம்பு மஞ்சளாகும் நரம்புத் தேமல் நோயைத் தாங்குவதற்காக உருவாக்கிய ரகம் இந்தக் கடைசி ஒன்று. உங்கள் ஊர் நாட்டு ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது, விதை எடுத்து வைக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாயைப் போல வராது.

வெண்டையை நாற்று விடாதீர்கள். ஆணிவேர் உடைந்தால் தேறாது. விதையை இரவு ஊறவைத்து, பைக்கு நாலு விதை அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் நல்ல இரண்டை விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். தக்காளி நாற்றை முதல் இலை வரை தண்டு புதைய ஆழமாக நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் குழித்தட்டில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள். எல்லாமே மாலை நாலு மணிக்கு மேல். தக்காளிக்கு நாலடி ஊன்றுகோலை நடும்போதே குத்திவிடுங்கள், பிறகு குத்தினால் வேரைத்தான் குத்துவீர்கள்.

கீரை விதை பொடி. அரை டீஸ்பூன் விதையில் இரண்டு டீஸ்பூன் மணல் கலந்து தூவி, மேலே லேசாக மண்புழு உரம் சலித்து, பூவாளியால் தண்ணீர் விடுங்கள். விதைத்த அன்றே எறும்பு இழுத்துப் போகும். தட்டைச் சுற்றி ஒரு பிடி அரிசி நொய் தூவினால் அது அந்தப் பக்கம் போய்விடும். முளைக்கீரையை 21 முதல் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை இரண்டு விரற்கடை விட்டு வெட்டினால் திரும்பத் தழையும்.

தண்ணீரும் சாப்பாடும்

நார்க்கழிவு கலந்த பையின் மேல்பரப்பு காலை பத்து மணிக்கே வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் விட்டே பாதிச் செடிகள் அழுகுகின்றன. விரலை இரண்டு கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று விட வேண்டாம். சிறு செடிக்கு அரை லிட்டர், காய்க்கும் செடிக்கு வெயில் நாளில் இரண்டு லிட்டர், அதையும் காலை மாலை எனப் பிரித்து. இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கலவை சுருங்கிப் பை ஓரமாகத் தண்ணீர் வழிந்து கீழே போய்விடும், நடுவே நனையாது. கொஞ்சம் விட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி விடுங்கள். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த சருகால் மூடாக்கு போட்டால் இந்தத் தொல்லை பாதியாகும். போர்த் தண்ணீர் உப்பு என்றால் பை ஓரத்தில் வெள்ளை பூக்கும்; மாதம் ஒருமுறை மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ அடியில் வழிந்தோடும் வரை ஊற்றி அலசிவிடுங்கள்.

தக்காளியின் அடிப்பக்கம் கருப்பாகக் குழிந்து வருவது நோய் அல்ல. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் பாய்ச்சல் என்று தண்ணீர் விட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் வருவது. முட்டை ஓடு நொறுக்கிப் போட்டால் அது கரைவதற்குள் பருவமே முடிந்துவிடும். தண்ணீரைச் சீராக்குங்கள், அடுத்த கொத்து சரியாகும்.

நட்ட 25 நாளுக்குப் பிறகு, 15 நாளைக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். இடைப்பட்ட வாரத்தில் கடலைப்பிண்ணாக்குக் கரைசல்: 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் புளிக்கவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பைக்கு அரை லிட்டர். பிண்ணாக்கை அப்படியே மேலே போட்டால் எலி வரும். பூக்கும் நேரத்தில் பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி தெளிக்கலாம். இலை கரும்பச்சையாகத் தழைத்துப் பூவே காணோம் என்றால் சாப்பாடு அதிகம். மூன்று வாரம் எதுவும் போடாதீர்கள்.

காய் பிடிக்காவிட்டால்

கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண்பூ. உதிர்கிறதே என்று பயப்பட வேண்டாம், பத்துப் பதினைந்து நாளில் அடியில் பிஞ்சோடு பெண்பூ வரும். உயரமான மாடிக்குத் தேனீ வராவிட்டால் ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண்பூவின் நடுவே தடவிவிடுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் காலை ஒன்பது மணிக்குள். சுரை, பீர்க்கு, புடலை மாலையில்தான் பூக்கும், ஆகவே அவற்றுக்கு அந்தி நேரம். பிடித்த பிஞ்சைக் காகிதப் பையால் மூடிக் கட்டினால் பழ ஈ குத்தாது.

பூச்சி

செடியில் எறும்பு ஏறினால் எறும்பைப் பார்க்காதீர்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும், மிதந்த இடத்தில் இலை கருகும். சோப்புக் கரைசலோடு அடித்துப் பால் போல ஆனபின் தண்ணீர் சேருங்கள். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறை.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். முன்னதற்கு வேப்பெண்ணெய் போதும். பின்னதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் மாலையில் தெளியுங்கள், ஆனால் எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும். கத்தரியின் கொழுந்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு. ஒரு அங்குலம் கீழே சேர்த்துக் கிள்ளி, குப்பையில் போடாமல் நசுக்குங்கள். வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளானால் மருந்து இல்லை. வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன் பிடுங்கிவிடுங்கள்.

மழை தொடங்கியதும் பைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நாலு நாள் அடைமழைக்குப் பின் செடி வெளுக்கும். சத்து கழுவிப் போயிருக்கிறது, ஒரு பிடி மண்புழு உரம் போட்டால் தேறும்.

தை பிறந்து பைகளைக் காலி செய்யும்போது வேரைப் பாருங்கள். உருண்டை உருண்டையாக முடிச்சு இருந்தால் நூற்புழு, அந்தக் கலவையை மறுபடி காய்ச் செடிக்கு வைக்காதீர்கள். மற்றதை வெயிலில் பரப்பி ஒரு வாரம் காயவிட்டு, நாலில் ஒரு பங்கு புது உரமும் வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்து அடுத்த பட்டத்துக்கு எடுக்கலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். அவை இருந்த பையில் அடுத்து வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள். பை எதில் என்ன இருந்தது என்பதைச் சுண்ணாம்பால் வெளியே எழுதி வைத்தால் தையில் குழப்பம் இருக்காது.