ஜோஹன்னஸ்பர்க்கில் அமுங்காத ரொட்டி

டர்பனில் அருமையாக வந்த ரொட்டி, ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் குடிவந்த பிறகு அடுப்பில் வைத்ததும் நடுவில் அமுங்கிப்போனது. மாவும் ஈஸ்ட்டும் அதேதான்; மாறியது உயரம். டர்பன் கடலோரம், ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் ஈஸ்ட் விடும் வாயு சீக்கிரம் விரிந்து, மாவு வலுப்பெறுவதற்குள் பொங்கிவிடுகிறது.

அதனால் 500 கிராம் பிரெட் மாவுக்கு 7 கிராம் போட்டுவந்த உடனடி ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறைத்தேன். உப்பு 10 கிராம், தண்ணீர் 350 மில்லி. குளிர்காலத்தில் இங்கே காற்று வறண்டு கிடக்கும், அப்போது தண்ணீர் கொஞ்சம் கூட வேண்டும். பிசைந்து, மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கிறேன்.

காலையில் உருட்டி வைத்த பிறகு கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். ஒன்றரை மடங்கு ஆனதும், உலர்ந்த மாவில் தொட்ட விரலால் லேசாக அழுத்தினால், குழி மெதுவாகப் பாதிதான் எழும்பும். அதுதான் பதம். இரட்டிப்பாகட்டும் என்று விட்டால் அமுங்கிவிடும்.

அப்புறம், நன்றாகச் சூடேறிய தட்டையடி போய்க்கிச் சட்டியில் (கனமான வார்ப்பிரும்புச் சட்டி) மூடிபோட்டு 230 டிகிரியில் 30 நிமிடம், மூடி இல்லாமல் 15 நிமிடம். மேல் ஓடு மொறுமொறுவென்று வருகிறது. பீன்ஸ் கறியில் தோய்த்துச் சாப்பிட இதைவிட நல்ல ரொட்டி எனக்குத் தெரிந்து இல்லை.